முதுகெலும்பு ஊசிகளில் ஃப்ளோரோவுக்குத் தனி பில் எப்போது உண்டு, எப்போது இல்லை

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து அமெரிக்க க்ளெய்ம் (மருத்துவக் காப்பீட்டு பில்) பார்க்கும் கோடர் (சிகிச்சைக்குக் கோடு எண் போடுபவர்) ஒருவரைப் பெயின் மேனேஜ்மென்ட் பிரிவில் போட்டால், முதல் வாரத்திலேயே அவர் செய்யும் தவறு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். சார்ட்டில் 'ஃப்ளோரோஸ்கோப்பிக் கைடன்ஸ்' (எக்ஸ்ரே படத்தை நேரலையில் பார்த்து ஊசியைச் செலுத்துவது, சுருக்கமாக ஃப்ளோரோ) என்று இருக்கும்; உடனே அந்தப் படத்துக்கான தனிக் கோடு 77003-ஐச் சேர்த்துவிடுவார். அந்த வரி சிஓ-97 டினையலாக (வேறொரு கோடில் ஏற்கெனவே அடங்கியது என்ற மறுப்பாக) திரும்பினால் நல்லது. திரும்பாமல் பணம் வந்துவிட்டால்தான் சிக்கல். பின்னால் ஆடிட்டில் அன்பண்டிலிங் (ஒரே கட்டணத்தில் அடங்கியதைப் பிரித்துக் கேட்பது) என்று பிடிபடும். மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு) பணமாக இருந்தால், கூடுதலாக வந்தது தெரிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும்.

ஆகவே 'படம் பார்த்து ஊசி போட்டார்களா' என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வர வேண்டும். போட்ட ஊசிக்கான கோடுக்குள்ளேயே படம் அடங்கியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இன்று முதுகெலும்பு ஊசிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதற்கு 'ஆமாம்' என்பதே பதில்.

முதலில்: எந்த ஊசி என்று கண்டுபிடியுங்கள், தலைப்பை நம்பாமல்

நோட்டின் தலைப்பில் 'லம்பார் எபிடியூரல் ஸ்டீராய்டு இஞ்செக்ஷன்' (இடுப்பில் தண்டுவட உறைக்கு வெளியே போடும் ஸ்டீராய்டு ஊசி) என்று மட்டும் இருக்கும். அதை வைத்துக் கோடு போட முடியாது. எபிடியூரலுக்குள் மூன்று வழிகள் இருக்கின்றன. இன்டர்லாமினாருக்கும் காடலுக்கும் கோடு ஒன்றே; ட்ரான்ஸ்ஃபொராமினலுக்குக் கோடும் வேறு, எண்ணும் முறையும் வேறு. செய்முறை விவரத்தில் ஊசி எந்த வழியாகப் போனது என்று தேடுங்கள்.

'லாஸ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்', 'டூயி நீடில்' என்ற சொற்கள் இருந்தால் அது பெரும்பாலும் இன்டர்லாமினார் (முள்ளெலும்பு வளைவுகளுக்கு இடையே நடுவில் போவது). 'நியூரல் ஃபொராமென்', 'பெடிக்கிளுக்குக் கீழே', 'நர்வ் ரூட்டை ஒட்டி காண்ட்ராஸ்ட் (படத்தில் தெரியும் திரவம்) ஓடியது' என்றால் ட்ரான்ஸ்ஃபொராமினல் (நரம்பு வெளிவரும் துளையான ஃபொராமென் வழியாகப் போவது). 'சேக்ரல் ஹையேட்டஸ்' வந்தால் காடல் (வால் எலும்பருகே கீழிருந்து போவது). 'டிரான்ஸ்வர்ஸ் பிராசஸும் சுபீரியர் ஆர்டிகுலர் பிராசஸும் சேரும் இடம்' என்றால் அது எபிடியூரலே இல்லை, மீடியல் பிராஞ்ச் பிளாக்; ஃபேசட் (முள்ளெலும்புகளை இணைக்கும் சிறு மூட்டு) குடும்பத்தைச் சேர்ந்தது.

தலைப்பும் விவரமும் முரண்பட்டால் விவரத்தின்படி ஊகித்துப் போடாதீர்கள், டாக்டருக்கு க்வெரி அனுப்புங்கள். ஒரே டெம்ப்ளேட்டை எல்லா நோயாளிக்கும் ஒட்டும் கிளினிக்குகளில் இந்த முரண் அடிக்கடி வரும்.

அடுத்தது: படம் கோடுக்குள்ளா, வெளியேவா

இந்தப் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்தாலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்டர்லாமினார், காடல் ஊசிகளுக்கு 2017 ஜனவரி முதல் ஜோடி ஜோடியாகக் கோடுகள் இருக்கின்றன. கழுத்து அல்லது மார்புப் பகுதியில் படமில்லாமல் போட்டால் 62320, படத்தோடு போட்டால் 62321. இடுப்பு அல்லது சேக்ரல் பகுதிக்கு முறையே 62322, 62323. காடலும் இதில்தான் வரும். கதீட்டரை உள்ளேயே வைத்துத் தொடர்ந்தோ விட்டுவிட்டோ மருந்து செலுத்தினால் 62324 முதல் 62327 வரை, அதே ஜோடி முறை. கதீட்டர் வழியாக ஒரே தடவை மருந்து கொடுத்து அப்போதே உருவிவிட்டால் அது 62320–62323 வரிசைதான். பழைய பாடப் பிரதிகளில் 62310, 62311 என்று இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அவை 2017-இலேயே போய்விட்டன. படத்தோடு என்ற கோடைப் போட்ட பிறகு 77003 போட்டால் ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு கேட்கிறோம் என்று பொருள்.

ட்ரான்ஸ்ஃபொராமினலுக்கு இந்த ஜோடி கிடையாது. கழுத்து, மார்புக்கு 64479, கூடுதல் லெவலுக்கு (முள்ளெலும்பு மட்டத்துக்கு) 64480; இடுப்பு, சேக்ரலுக்கு 64483, கூடுதலுக்கு 64484. 2011 முதல் ஃப்ளோரோவோ சிடியோ இந்தக் கோடுகளின் வரையறைக்குள்ளேயே இருக்கிறது. அதாவது படம் இல்லாமல் போட்டால் இந்தக் கோடையே பயன்படுத்த முடியாது. அல்ட்ராசவுண்டும் இதில் சேராது. அப்படிப் போட்டால் பட்டியலில் இடமில்லாத செயல்முறைக்கான 64999-தான்.

ஃபேசட் மூட்டு ஊசிக்குக் கழுத்து, மார்பில் 64490, 64491, 64492. இடுப்பில் 64493, 64494, 64495. இவற்றிலும் ஃப்ளோரோ அல்லது சிடி உள்ளடக்கம், 2010 முதல். அல்ட்ராசவுண்டில் போட்டால் 0213டி முதல் 0218டி வரையிலான தற்காலிகக் கோடுகள். படமே இல்லையென்றால் அது ஃபேசட் ஊசி என்ற தகுதியையே இழந்து, தசையில் போட்ட ட்ரிக்கர் பாயின்ட் ஊசியாக 20552 அல்லது 20553-க்கு இறங்கிவிடும். ரேடியோ ஃப்ரீக்வென்சியால் நரம்பைச் சுடும் 64633 முதல் 64636 வரையிலும் படம் உள்ளேயே இருக்கிறது.

சேக்ரோஇலியாக் மூட்டுக்கு (முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடம்) 27096. இதில் படமும் ஆர்த்ரோகிராமும் (மூட்டுக்குள் காண்ட்ராஸ்ட் விட்டு எடுக்கும் படம்) அடக்கம். சிடியோ ஃப்ளோரோவோ இல்லையென்றால் இதுவும் 20552 ஆகிவிடும். மெடிகேர் நோயாளிக்கு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவிலோ அறுவை மையத்திலோ போட்டால், அந்த நிறுவனத்தின் பில்லில் 27096-க்குப் பதில் ஜி0260 போகும். டாக்டரின் பில்லில் 27096 அப்படியே இருக்கும். இரண்டு பில்லையும் ஒரே டீம் பார்க்கும் அலுவலகங்களில் இது மாறிப்போவது சகஜம். மூட்டுக்குள் போடாமல் அதன் நரம்புகளில் மருந்து போட்டால் 64451, சுட்டால் 64625. இரண்டும் 2020-இல் வந்தவை, இரண்டிலும் படம் உள்ளே.

எபிடியூரோகிராஃபிக்கென்று (எபிடியூரல் இடத்தில் காண்ட்ராஸ்ட் விட்டுப் படமெடுப்பது) 72275 என்றொரு கோடு இருந்தது. காண்ட்ராஸ்ட் விட்டதையெல்லாம் அதில் பில் செய்து பல இடங்களில் துஷ்பிரயோகம் நடந்தது. 2022-இல் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது காண்ட்ராஸ்ட் விட்டு ஊசி முனையைச் சரிபார்ப்பது ஊசியின் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

அப்படியானால் 77003 எதற்கு இருக்கிறது?

இன்னும் வேலை இருக்கிறது, குறைவாக. 2017 முதல் அது ஆட்-ஆன் கோடு, தனியாக நிற்காது. படம் அடங்காத முதன்மைக் கோடு ஒன்று அதே க்ளெய்மில் இருக்க வேண்டும். எபிடியூரல் பிளட் பேட்ச் (62273), ஸ்டெல்லேட் கேங்கிலியான் பிளாக் (64510), லம்பார் சிம்பதெடிக் பிளாக் (64520) போன்றவை அதற்கு எடுத்துக்காட்டு. ஸ்டெல்லேட் பிளாக்கை அல்ட்ராசவுண்டில் செய்திருந்தால் 77003 அல்ல, 76942.

77002 முதுகெலும்பு அல்லாத இடங்களுக்கான ஃப்ளோரோ, அதுவும் ஆட்-ஆன்தான். 77012 சிடிக்கு, 76942 அல்ட்ராசவுண்டுக்கு, 77021 எம்ஆர்ஐக்கு. எத்தனை ஊசி குத்தினாலும் இவற்றில் மெடிகேர் தருவது ஒரு வருகைக்கு ஒரு யூனிட். இது என்சிசிஐ (எந்தக் கோடுகள் ஒன்றாகப் போகக் கூடாது என்ற மெடிகேரின் விதித் தொகுப்பு) கொள்கைக் கையேட்டில் நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று இடத்தில் அல்ட்ராசவுண்டோடு போட்டார் என்று 76942-ஐ மூன்றாகப் போடாதீர்கள்.

ஒரே நாளில் இடுப்பு எபிடியூரலும் (62323) தொடை மூட்டு ஊசியும் (20610) ஃப்ளோரோவில் போட்டிருந்தால்? மூட்டு ஊசிக்கு 77002 நியாயமாகக் கிடைக்க வேண்டியதே, ஏனென்றால் அது வேறு இடத்தில் வேறு ஊசிக்கான படம். ஆனால் 62323-உம் 77002-உம் ஒரே க்ளெய்மில் சேரும்போது எடிட் (தானாக வரும் தடை) அடிக்கும். அந்தக் காலாண்டின் என்சிசிஐ அட்டவணையில் அந்த ஜோடிக்கு எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்றால் தகுந்த மாடிஃபையரோடு (கோடின் பின்னால் சேர்க்கும் குறி; இங்கே தனிச் செய்முறை என்று காட்டும் 59, அல்லது மெடிகேருக்கு எக்ஸ்எஸ்) கேட்கலாம். 0 என்றால் எந்த மாடிஃபையரும் அந்தக் கதவைத் திறக்காது. 9 என்றால் அந்த எடிட் இப்போது அமலில் இல்லை. நோட்டில் இரண்டு இடங்களுக்கும் தனித்தனியாகப் படம் பார்த்த விவரம் இல்லாவிட்டால் 59-ஐத் தொடவே வேண்டாம்.

லெவல் எண்ணுதல்

இங்கே சறுக்குபவர்கள் அனுபவசாலிகளும்தான்.

ட்ரான்ஸ்ஃபொராமினலில் ஃபொராமென் கணக்கு. வலது எல்4-எல்5, எல்5-எஸ்1 (எல் இடுப்பு, எஸ் சேக்ரல், டி மார்பு முள்ளெலும்பு) இரண்டிலும் போட்டால் 64483 ஒன்று, 64484 ஒன்று. டி12-எல்1 எந்தப் பகுதி என்று குழம்ப வேண்டாம், அது 64479.

ஃபேசட்டில் மூட்டுக் கணக்கு, நரம்புக் கணக்கு இல்லை. ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு மீடியல் பிராஞ்ச் நரம்புகள் போகின்றன. எல்4-எல்5 மூட்டை மரக்கச் செய்ய எல்3, எல்4 நரம்புகளைப் பிடிக்க வேண்டும். டாக்டர் 'எல்3, எல்4 மீடியல் பிராஞ்ச், எல்5 டார்சல் ரேமஸ்' என்று மூன்று நரம்புகளை எழுதியிருந்தால் அது இரண்டு மூட்டு: எல்4-எல்5, எல்5-எஸ்1. கோடு 64493, 64494. மூன்று பெயரைப் பார்த்து 64495-உம் சேர்த்தால் வராத மூட்டுக்குப் பணம் கேட்டதாகும். மூன்றாவது லெவலுக்கான 64492, 64495 நாளுக்கு ஒரு முறைக்கு மேல் போகாது. மெடிகேரில் அதை வழக்கமாகக் கவர் செய்வதும் இல்லை.

இன்டர்லாமினாரில் லெவலே கிடையாது, பகுதிதான். எல்3-எல்4, எல்4-எல்5 இரண்டிலும் குத்தியிருந்தாலும் 62323 ஒன்றே.

இடமா, வலமா, இரண்டுமா

62320–62327 நடுக்கோட்டில் போகிற ஊசி. இருபக்கம் என்று காட்டும் மாடிஃபையர் 50 கிடையாது, இடம், வலம் காட்டும் எல்டி, ஆர்டி-யும் தேவையில்லை. 64479, 64483, 64490, 64493, 27096 ஆகியவை ஒரு பக்கத்துக்கானவை. இரு பக்கமும் என்றால் 50.

ஆட்-ஆன் கோடுகளில்தான் இழுபறி. சிபிடி புத்தகம் (இந்தக் கோடுகளை வரையறுக்கும் தொகுப்பு) சொல்வது: 64484, 64494 போன்றவை இருபக்கமானால் 50 போடாதே, கோடை இருமுறை எழுது. ஆனால் மெடிகேரின் கட்டண அட்டவணை இவற்றை 50 ஏற்கும் கோடுகளாகவே வைத்திருக்கிறது. எனவே பேயரை (பணம் தரும் காப்பீட்டு நிறுவனத்தை) பொறுத்து மாறும். உங்கள் டீமில் பேயர் வாரியாக ஒரு பட்டியல் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள், மூன்று மாதத்தில் எல்லோரும் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள். ஆட்-ஆன் கோடுகளில் 51 (ஒரே நாளில் பல செய்முறைகள் என்ற மாடிஃபையர்) எப்போதும் வேண்டாம்.

எங்கே போட்டார்கள் என்பது எதையெல்லாம் மாற்றும்

டாக்டரின் சொந்த கிளினிக் (பிஓஎஸ், அதாவது சேவை நடந்த இடத்தின் எண், 11) என்றால் மெஷினும் மருந்தும் அவருடையது. மருத்துவமனை வெளிநோயாளி (22), அறுவை மையம் (24) என்றால் அவை நிறுவனத்துடையவை.

77003, 77002, 76942 போன்ற தனிப் படக் கோடுகளை 22, 24-இல் டாக்டருக்காக பில் செய்யும்போது 26 (டாக்டரின் தொழில்முறைப் பங்கு மட்டும் என்ற மாடிஃபையர்) வேண்டும். கிளினிக்கில் எதுவும் இல்லாமல் முழுதாகப் போகும். ஆனால் 62323-க்கோ 64483-க்கோ 26 போடுவது தவறு. அவை ஊசிக்கான கோடுகள். அவற்றுக்குத் தொழில்முறை, தொழில்நுட்பம் என்ற பிரிவே இல்லை. 'உள்ளே படம் இருக்கிறதே, 26 போடலாமே' என்று யோசித்தவர்களுக்கு மாடிஃபையர் பொருந்தவில்லை என்ற சிஓ-4 காத்திருக்கும்.

மருந்தும் அப்படித்தான். 22, 24-இல் டாக்டரின் பில்லில் மருந்துக்கான ஜே கோடே வரக்கூடாது. கிளினிக்கில் என்றால் யூனிட்டைக் கவனியுங்கள். டெக்ஸாமெதசோன் ஜே1100 என்பது 1 மில்லிகிராம்; 10 மில்லிகிராம் போட்டால் 10 யூனிட். ட்ரையாம்சினலோன் (கெனலாக்) ஜே3301 என்பது 10 மில்லிகிராம். 40 போட்டால் 4 யூனிட். பீட்டாமெதசோன் ஜே0702, அசிடேட் 3 மில்லிகிராமும் சோடியம் பாஸ்பேட் 3 மில்லிகிராமும் சேர்ந்து ஒன்று. மெதில்பிரட்னிசலோன் அசிடேட்டுக்கு 2024 ஏப்ரல் முதல் ஜே1010, ஒரு மில்லிகிராமுக்கு ஒன்று. 80 மில்லிகிராம் என்றால் 80 யூனிட். பழைய ஜே1030, ஜே1040 பழக்கத்தில் 1 அல்லது 2 என்று போட்டால் டாக்டருக்கு நஷ்டம். கெனலாக்கின் லேபிளிலேயே எபிடியூரலுக்கு அல்ல என்று இருப்பதால், எபிடியூரலோடு ஜே3301 வந்தால் சில பேயர்கள் கேள்வி கேட்பார்கள்.

மெடிகேரில் ஒற்றை டோஸ் குப்பியில் மிச்சமானதைக் கொட்டியிருந்தால் கொட்டிய அளவுக்குத் தனி வரியில் ஜேடபிள்யூ. எதுவும் மிச்சமில்லை என்றால் ஜேஇசட். 2023 ஜூலை முதல் ஜேஇசட்டும் கட்டாயம்.

காண்ட்ராஸ்ட் திரவத்துக்கு ஒரு மில்லிலிட்டர் ஒரு யூனிட்: ஆம்னிபேக் 240 என்றால் கியூ9966, ஆம்னிபேக் 300 என்றால் கியூ9967. காண்ட்ராஸ்ட் விடும் வேலை ஊசிக்குள் அடக்கம். திரவத்தின் விலை வேறு. ஆனாலும் அதையும் பண்டில் செய்யும் தனியார் பேயர்கள் உண்டு. மரப்பு மருந்துகளான லிடோகெயின், பியூபிவாகெயினுக்குத் தனி பில் இல்லை.

கவரேஜ்: கோடு சரியாக இருந்தும் பணம் வராத இடம்

மெடிகேரில் அந்த மாநிலத்தைக் கவனிக்கும் ஒப்பந்ததாரரின் எல்சிடி-யை (எதற்குப் பணம் தரப்படும் என்ற உள்ளூர் விதியை) திறந்து வைத்துக்கொண்டுதான் கோடு போட வேண்டும். எபிடியூரலுக்கான எல்சிடிகள் ஃப்ளோரோ அல்லது சிடியையும் காண்ட்ராஸ்டையும் நிபந்தனையாக வைக்கின்றன. ஆகவே படமில்லாத 62320, 62322 சிபிடியில் சரியான கோடுகள்தான் என்றாலும் மெடிகேரில் பொதுவாக மருத்துவத் தேவை இல்லை என்று போய்விடும். காண்ட்ராஸ்ட் ஒவ்வாமை, கர்ப்பம் போன்ற காரணத்தால் இவற்றைத் தவிர்த்திருந்தால் அந்தக் காரணம் நோட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஊசி முனை கடைசியாக நின்ற இடத்தையும் காண்ட்ராஸ்ட் ஓட்டத்தையும் காட்டும் படங்கள், குறைந்தது இரண்டு கோணத்தில், சேமித்திருக்க வேண்டும் என்கிறார்கள். 'ஃப்ளோரோ பயன்படுத்தப்பட்டது' என்ற ஒரு வரி ஆடிட்டருக்குப் போதாது. நல்ல நோட்டில் ஏபி (முன்-பின்), லேட்டரல் (பக்கவாட்டு) கோணங்கள், எத்தனை மில்லிலிட்டர் காண்ட்ராஸ்ட், அது எப்படிப் பரவியது, இரத்தக் குழாய்க்குள் போகவில்லை என்பது, படங்கள் சேமிக்கப்பட்டன என்பது எல்லாம் இருக்கும். 76942-க்கும் நிரந்தரப் பதிவு இல்லாமல் பில் இல்லை.

எண்ணிக்கை வரம்பு: எபிடியூரல் ஒரு பகுதிக்கு 12 மாதத்தில் 4 அமர்வு. இது காலண்டர் ஆண்டு இல்லை, உருளும் 12 மாதம். ஜனவரியில் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. மறுபடி போட, முந்தைய ஊசியில் 50 சதவீதம் வலி குறைந்து அது 3 மாதமாவது நீடித்ததா என்று பார்ப்பார்கள். டயக்னாஸ்டிக் ஃபேசட் ஊசிக்கு 80 சதவீத நிவாரணம் வேண்டும், கோடோடு கேஎக்ஸ் மாடிஃபையரும் வேண்டும். மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் ஃபேசட் செய்முறைகளுக்கு 2023 ஜூலை 1 முதல் மெடிகேரே முன் அனுமதி கேட்கிறது.

நோய்க் கோடும் ஊசியும் பொருந்த வேண்டும். எபிடியூரலுக்கு ரேடிகுலோபதி, அதாவது நரம்பு வேர் பாதிப்பு (இடுப்பில் எம்54.16, எல்5-எஸ்1 என்றால் எம்54.17), அல்லது நரம்பு நெருக்கத்தால் நடக்கும்போது கால் வலிக்கும் ஸ்டெனோசிஸ், அதாவது தண்டுவடக் குழாய் குறுகல் (எம்48.062). ஃபேசட்டுக்கு ரேடிகுலோபதி இல்லாத ஸ்பாண்டிலோசிஸ், அதாவது எலும்புத் தேய்மானம் (எம்47.816, கழுத்தில் எம்47.812). இரண்டையும் மாற்றிப் போட்டால் சிஓ-50 (மருத்துவத் தேவை இல்லை என்ற மறுப்பு). வெறும் முதுகுவலி என்று எம்54.50 போட்டு எபிடியூரலை அனுப்பினாலும் அதே கதிதான். நோட்டில் இல்லாத ரேடிகுலோபதியை 'கவர் ஆகும்' என்பதற்காக நீங்கள் சேர்க்கக் கூடாது. அது கோடிங் இல்லை, மோசடி.

ஒரு சார்ட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

நோட்டில் இப்படி இருக்கிறது: வலது எல்4-எல்5, எல்5-எஸ்1 ட்ரான்ஸ்ஃபொராமினல், ஃப்ளோரோ, ஆம்னிபேக் 240 மொத்தம் 2 மில்லிலிட்டர், டெக்ஸாமெதசோன் 10 மில்லிகிராம் ஒற்றை டோஸ் குப்பியிலிருந்து முழுதும், கிளினிக்கில், மெடிகேர் நோயாளி, இடுப்பு ரேடிகுலோபதி.

64483-ஆர்டி, 64484-ஆர்டி, ஜே1100 பத்து யூனிட் ஜேஇசட்டோடு, கியூ9966 இரண்டு யூனிட். காண்ட்ராஸ்டும் ஒற்றை டோஸ் குப்பியாக இருந்தால் அதற்கும் ஜேஇசட் அல்லது ஜேடபிள்யூ வேண்டுமா என்று உங்கள் ஒப்பந்ததாரரின் விதியைப் பாருங்கள். 77003 இல்லை. இதே ஊசி அறுவை மையத்தில் போடப்பட்டிருந்தால் டாக்டரின் பில்லில் முதல் இரண்டு வரி மட்டுமே மிஞ்சும்.

டினையல் வந்துவிட்டால்

சிஓ-97, சிஓ-236 (ஒன்றாகப் போகாத கோடுகள் என்ற மறுப்பு) வந்தால் அப்பீல் எழுதுவதற்கு முன் கோடையே திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் படக் கோடு தேவையில்லாமல் சேர்ந்திருக்கும். அந்த வரியை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி. அதை 59 போட்டு மறுபடி அனுப்பச் சொல்லும் ஏஆர் காலர்கள் (வராத பணத்துக்காகப் பேயரிடம் பேசுபவர்கள்) இருக்கிறார்கள், கேட்காதீர்கள். பி15 வந்தால் ஆட்-ஆன் கோடு முதன்மைக் கோடு இல்லாமல் போயிருக்கிறது, அல்லது முதன்மைக் கோடு வேறு காரணத்தால் மறுக்கப்பட்டிருக்கிறது. முதன்மையைச் சரிசெய்தால் இதுவும் சரியாகும். சிஓ-151 என்றால் எண்ணிக்கை வரம்பு. நோயாளி வேறு டாக்டரிடம் போட்டுக்கொண்ட ஊசியும் கணக்கில் சேர்ந்திருக்கலாம், அதனால் உங்கள் கிளினிக்கின் பதிவை மட்டும் பார்த்து வாதாடாதீர்கள். சிஓ-197 என்றால் முன் அனுமதி எண் இல்லை.

சிஓ-50-க்குத்தான் அப்பீல் பலன் தரும், ஆதாரம் இருந்தால். செய்முறை நோட், இரண்டு கோணப் படங்கள், முந்தைய ஊசியின் நிவாரண சதவீதமும் நீடித்த காலமும், எபிடியூரல் என்றால் அதற்கு முன் 4 வாரம் மருந்து, உடற்பயிற்சிச் சிகிச்சை முயன்ற பதிவு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். மெடிகேரில் முதல் கட்ட அப்பீலுக்கு முடிவு கையில் கிடைத்ததிலிருந்து 120 நாள் இருக்கிறது. பக்கம் மாறிப்போனது, யூனிட் தவறியது போன்ற எழுத்துப் பிழைக்கு அப்பீல் தேவையில்லை. ரீஓப்பனிங் (க்ளெய்மைத் திறந்து திருத்துவது) கேட்டால் போதும், அது வேகமாகவும் முடியும்.